நான்காவது காலிப் படி

காற்றே ஏறாத பலூன் வலிக்கிறது என்று கிரேன் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தியபோது காலை மணி பத்து இருபது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சேஃப்டி ஆபீசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் இன்னொரு முறை. அப்புறம் மூன்றாவது முறை.

"எனக்கு இது போதும்" என்று எழுந்தவர், வராந்தாவுக்குப் போய் கட்டட சைட்டுக்கு போன் போட்டார்.

ஆபரேட்டருக்கு எதுவும் தெரியாது. அவன் உள்ளே இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, போர்வைக்குள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். ஆசனவாய் வழியாக ஒரு மெல்லிய குழாய். குழாயின் நுனியில் குடலுக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. கையில் நாலு பொத்தான் வைத்த ரிமோட். ஒன்று, ஏதோ தெரிகிறது. இரண்டு, கழிப்பறைக்குப் போகவேண்டும் போல இருக்கிறது. மூன்று, வலி. நாலு, போதும் நிறுத்து. காலையிலிருந்து அவன் மூன்றைத்தான் அதிகம் அழுத்தியிருந்தான்.

மெஷினை ஓட்டியவள் லேப் டெக்னீஷியன். பதினொரு வருடமாக இதே அறை, இதே பம்ப். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர் முதல் டீன் வரை அவளுக்கு ஒரே பெயர்தான்: பலூன் அக்கா. முதலில் கோபப்பட்டாள். பிறகு போனில் அவளே, "பலூன் அக்கா பேசறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவன் வந்து சேர்ந்த கதை இது.

எழுபது மீட்டர் உயரத்தில் டவர் கிரேன் கேபின். ஏணியில் இறங்கிக் கழிப்பறைக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு வருடம் அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் சைட் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலந்து, நாற்பது பேருக்கு ஒரே நாளில் வயிற்றுப்போக்கு. முப்பத்தொன்பது பேர் ஒரு வாரத்தில் சரியாகி வேலைக்கு வந்தார்கள். இவனும் வந்தான், வயிறு மட்டும் வரவில்லை. கொக்கியில் லோடு ஏறும் நேரம் பார்த்து அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்கும். உடனே ஓட வேண்டும். போன மாதம் மட்டும் மூன்று முறை கிரேனை நிறுத்திவிட்டு இறங்கினான். மூன்று முறையும் தொங்கிய லோடைப் பத்திரமாகத் தரையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினான். ஆனால் மூன்றாவது முறை கீழே கான்கிரீட் வண்டிகள் வரிசையாக நின்றன. பாதி கான்கிரீட் வண்டிக்குள்ளேயே இறுகிப்போனது.

ரத்தம் பார்த்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். கேமரா விட்டும் பார்த்தார்கள். குடல் கண்ணாடி மாதிரி சுத்தம்.

சேஃப்டி ஆபீசர் கெட்டவர் இல்லை. இருநூறு தலைகளுக்கு மேல் மூன்று டன் இரும்பு தொங்கும்போது, அதைப் பிடித்திருக்கிறவன் எப்போது எழுந்து ஓடுவான் என்று தெரியாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் உயரத்துக்குப் பயந்துவிட்டான், வெளியே சொல்ல வெட்கப்பட்டு வயிற்றைச் சாக்காகச் சொல்கிறான் என்பது அவர் கணக்கு. கம்பெனி படிவத்தில் இரண்டே கட்டங்கள். உடல் காரணம் உண்டு என்று டிக் விழுந்தால் ஆறு வாரம் சிகிச்சை, பிறகு மறுபடி கேபின். உடல் காரணம் இல்லை என்று விழுந்தால் இனி எந்த நாளும் கேபின் கிடையாது. ஸ்டோரில் உட்கார்ந்து ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கலாம். டிக் போடவேண்டியது இந்த ஆஸ்பத்திரியின் குடல் டாக்டரம்மா. நாளை மாலைக்குள் படிவம் சைட்டுக்குப் போக வேண்டும். புது ஆபரேட்டரையும் பார்த்து வைத்தாகிவிட்டது.

கம்பெனி தரப்பில் ஒருவர் கூட இருந்து பார்க்கலாமா என்று கேட்டபோது ஆபரேட்டர் சரியென்று கையெழுத்துப் போட்டான். மறைக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

துணைக்கு வந்திருந்தவன் மச்சான். மனைவியின் அண்ணன். அதே சைட்டில் கீழே நின்று வாக்கி-டாக்கியில் கிரேனுக்குச் சொல்கிறவனும் அவனே. இவன் கை, அவன் கண். காலையில் எனிமா கொடுக்க நர்ஸ் வந்தபோது, "மாப்ள, மேலே இருந்து லோடு இறக்கி உனக்குப் பழக்கம். இன்னைக்குக் கீழே இருந்து ஏத்துறாங்க. பல்லைக் கடிச்சுக்க" என்று வழியனுப்பி வைத்தான்.

பரிசோதனை முறை சுலபமானது. பம்ப் பைக்குள் காற்றைத் தள்ளும். அழுத்தம் படிப்படியாக, ஆனால் வரிசை மாறி மாறி ஏறும். மொத்தம் பதினாறு படி. அதில் நாலு காலிப் படி. பம்ப் உறுமும், காற்று ஏறாது. எது காலி என்று நோயாளிக்கும் தெரியாது, பம்ப் பக்கத்தில் நிற்கிற டெக்னீஷியனுக்கும் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் திரையில் மட்டும் தெரியும். காலிப் படிக்கு ஒருவன் வலி என்று அழுத்தினால் அவன் வாயால் சொல்வதையும் நம்ப முடியாது என்று அர்த்தம்.

நாலு காலிப் படியில் மூன்றுக்கு அழுத்தியிருந்தான்.

மதியம் கம்ப்யூட்டர் துப்பிய ஒரு பக்க அறிக்கையின் கடைசி வரி இப்படி இருந்தது: காலிப் படிகளில் வலிப் பதிவு நான்குக்கு மூன்று. நம்பகத்தன்மை குறைவு.

டாக்டரம்மா எண்டோஸ்கோப்பி அறையில் இருந்தார். நாலு மணிக்கு வெளியே வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொல்லியனுப்பினார். சேஃப்டி ஆபீசர் வராந்தா பெஞ்சில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பெஞ்ச் தள்ளி ஆபரேட்டரும் மச்சானும். நடுவில் யாரும் உட்காரவில்லை.

அறிக்கையைக் கொடுக்கப்போன அக்காவிடம் ஆபரேட்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, நான் பொய் சொன்னேன்னு மெஷின் சொல்லுதாமே. எனக்கு நிஜமாவே வலிச்சுதுக்கா. அப்போ என் வயிறே என்கிட்ட பொய் சொல்லுதா?"

அறிக்கையை அவன் கையில் கொடுக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டாள்.

மணி இரண்டு ஐம்பது.

அச்சில் வருவது சுருக்கம்தான். அழுத்தமும் பொத்தானும், அவ்வளவே. மெஷினுக்குள் முழுப் பதிவு இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. அக்கா திறந்தாள்.

திரையில் நாலு கோடுகள். முதல் கோடு அழுத்தம். இரண்டாவது, பைக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்ற அளவு. மூன்றாவது, வயிற்றின் மேல் ஒட்டிய பட்டைகள் சொல்வது. நோயாளி முக்கினால், இருமினால், வயிற்றை இறுக்கினால் அது முள்முள்ளாக எழும். நாலாவது, பம்ப் ஓடிய நேரத்தையும் பொத்தான் அழுத்திய நேரத்தையும் குறிக்கும் புள்ளிகள்.

இரண்டாவது கோட்டில்தான் குடலின் குணம் தெரியும். அழுத்தம் ஒரே அளவில் நிற்கும்போது குடல் சுவர் தளர்ந்தால் பைக்குள் காற்று கூடும். இறுகினால் காற்று பம்புக்குத் திரும்பி வந்துவிடும்.

முதல் காலிப் படி. அழுத்தம் அசையவில்லை. ஆனால் காற்றின் அளவு வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. குடல் இறுகியிருக்கிறது. வயிற்றுப் பட்டைக் கோட்டில் ஒரு முள் கூட இல்லை. அவன் முக்கவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

கையைத் தூக்கு என்றால் கை தூக்கும். குடலை இறுக்கு என்றால் அது கேட்காது. அதை வைத்து நடிக்க எந்த நடிகனாலும் முடியாது. அவன் அழுத்துவதற்கு முன்பே குடல் சுருங்கியிருக்கிறது. சுருங்கியதால் வலித்திருக்கிறது. வலித்ததால் அழுத்தியிருக்கிறான். பலூன் காலி, வலி காலி இல்லை.

இரண்டாவது காலிப் படியிலும் மூன்றாவதிலும் அதே கதை.

நான்காவதில் கோடு நேராகக் கிடந்தது. குடல் அசையவில்லை. பொத்தான் அழுத்தப்படவில்லை.

மூன்றுக்கும் சுருங்கிய குடல் நான்காவதுக்கு ஏன் சும்மா இருந்தது?

பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. முதல் மூன்றிலும் குடல் சுருங்கத் தொடங்கியது பம்ப் உறுமிய பிறகு இல்லை. அதற்கு மூன்று விநாடி முன்னால். ஆக, பம்ப் சத்தம் காரணம் இல்லை. பம்புக்கு முன்னால் அந்த அறையில் என்ன நடந்தது?

அடுத்த படி வரப்போகிறது என்று அவள் திரையில் ஐந்து விநாடி எண் ஓடும். சத்தம் கிடையாது. அறையில் இருந்தது அவளும் அவனும் மட்டும்.

நான்காவது காலிப் படியின் நேரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பத்து நாலு. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்து, அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் பேப்பர் கட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரம்.

அப்போது மட்டும் அவள் பேசவில்லை.

மற்ற பதினைந்து படிகளுக்கும் பேசியிருந்தாள். எண் ஓடத் தொடங்கியதும் குனிந்து, மெதுவாக: "இப்போ கொஞ்சம் வரும்ப்பா."

மணி மூன்று பதினைந்து.

அலமாரியின் மேல்தட்டில் லேபின் பயிற்சிக் கையேடு இருந்தது. அதன் ஒன்பதாம் விதி தடித்த எழுத்தில்: படி ஏறும்போது நோயாளியிடம் பேசக் கூடாது. அந்தக் கையேட்டை எழுதியவள் அவள். ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வந்து அவளிடம்தான் பழகிவிட்டுப் போவார்கள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் பயந்து நடுங்கிய ஒரு அம்மாவிடம் அப்படிச் சொல்லப் போய், அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டார். அன்றிலிருந்து வாயில் ஒட்டிக்கொண்டது. மூச்சு விடுவது மாதிரி. சொல்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. நோயாளிகள் எல்லோரும் அந்த அக்கா மாதிரி வருமா என்பார்கள்.

அடுத்த மாதம் தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள். இப்போது எதுவும் சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. அந்த ஆபரேட்டர் ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பான். அவ்வளவுதான்.

அவள் முழுப் பதிவையும் அச்செடுத்தாள். பதினெட்டுப் பக்கம் வந்தது. மீண்டும் பேப்பர் தீர்ந்துபோய், இன்னொரு கட்டைப் பிரித்தாள்.

டாக்டரம்மா எண்டோஸ்கோப்பி அறை வாசலில் நின்றபடியே பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டினார். அக்கா விரலால் காட்டிக் காட்டிச் சொன்னாள். கடைசியில் தன் வாயையும் சொன்னாள்.

"எத்தனை வருஷமா பேசறீங்க?"

"ஏழெட்டு வருஷம் இருக்கும் டாக்டர்."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

டாக்டரம்மா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். திட்டவில்லை. அந்த ஏழெட்டு வருடத்தில் 'நம்பகத்தன்மை குறைவு' என்று வெளியே போன அறிக்கைகள் எத்தனை என்று மட்டும் கேட்டார். அக்கா வரும்போதே தேடிப் பார்த்துவிட்டிருந்தாள்.

"முப்பத்தொண்ணு."

"அவங்க ஒவ்வொருத்தரையும் திரும்பக் கூப்பிடணும். நீங்கதான் கூப்பிடணும். என்ன நடந்துச்சுன்னு சொல்லிக் கூப்பிடணும். ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன்." வராந்தா பக்கம் திரும்பியவர் நின்றார். "முதல்ல இவரு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு."

சேஃப்டி ஆபீசர் ஒப்புக்கொள்வதாக இல்லை. இன்றைக்கு ஃபெயில், நாளைக்கு மறுபடி வை என்றால், பாஸ் ஆகிற வரைக்கும் வைத்துக்கொண்டே இருப்பீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். டெக்னீஷியன் வாய் திறந்ததால் குடல் சுருங்கிற்று என்பது அவருக்குக் காதில் பூச்சுற்றுவது போல இருந்தது. டாக்டரம்மா வாதாடவில்லை. காலிப் படிகள் எத்தனை, எந்தெந்த இடத்தில் என்பதை அவரே முடிவு செய்யலாம் என்றார். சேஃப்டி ஆபீசர் யோசித்தார். நாலு இல்லை, ஆறு வேண்டும் என்றார். இரண்டு காலிப் படி அடுத்தடுத்து வர வேண்டும் என்றார். ஒத்துக்கொண்டார்கள்.

ஆபரேட்டர் ஒத்துக்கொண்டான். மச்சான்தான் கவலைப்பட்டான். "மறுபடியும் எனிமாவா? மாப்ள, இந்த ரெண்டு நாள்ல நீ அஞ்சு கிலோ இறங்கிட்டே. இனிமே காத்தடிச்சா கேபின்ல நீ இருப்பியான்னே தெரியல."

மறுநாள் எட்டு மணிக்கு அறைக்குள் போவதற்கு முன் அக்கா வாயின் குறுக்கே ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு, அதன் மேல் மாஸ்க் போட்டாள். தன் நாக்கை அவள் நம்பத் தயாராக இல்லை.

ஆபரேட்டரிடம் டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். இன்றைக்கு யாரும் எதுவும் பேச மாட்டார்கள், எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தோன்றுவதை அழுத்தினால் போதும். பம்ப் சத்தம் கேட்காதபடி அவன் காதில் இரைச்சல் ஓடும் ஹெட்போன் மாட்டினார்கள். அக்கா அவன் பார்வைக்குப் படாமல் கால்பக்கம் போய் நின்றாள்.

எண் ஓடியது. ஐந்து, நாலு, மூன்று. அவள் தொண்டை அதுவாகவே அசைந்தது. பிளாஸ்திரி இழுத்துப் பிடித்தது.

முதல் படி காலி. அவன் அழுத்தவில்லை.

இரண்டாவது படி, அழுத்தம் பன்னிரண்டு. ஒன்றாம் பொத்தான். ஏதோ தெரிகிறது. மூன்றாவது காலி. சும்மா இருந்தான். நான்காவது, இருபது. மூன்றாம் பொத்தான். வலி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேஃப்டி ஆபீசர் கையில் காகிதமும் பேனாவும் வைத்திருந்தார். தன் கையால் எழுதிய வரிசையில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த இரண்டு காலிப் படிகள் வந்தபோது பேனாவை நிறுத்திவிட்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். ஆபரேட்டரின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அசையவில்லை.

மறுபடி இருபது. வலி. பதினாறு. போகவேண்டும் போல இருக்கிறது. இருபத்து நாலு. வலி. முப்பது வந்தபோது நாலாம் பொத்தானை அழுத்தினான். போதும். பம்ப் காற்றை இறக்கியது. கொஞ்சம் ஆற விட்டு, மீதியையும் முடித்தார்கள்.

ஆறு காலிப் படி. ஒன்றுக்குக் கூட வலி இல்லை. நிஜ அழுத்தத்தில், இருபது வந்த ஒவ்வொரு தடவையும் வலி என்றே அழுத்தியிருந்தான். சாதாரண ஆளுக்கு வலி தொடங்குவது நாற்பது பக்கத்தில்.

அக்கா மாஸ்க்கைக் கழற்றிப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். மேலுதட்டில் கொஞ்சம் தோலும் சேர்ந்து வந்தது.

பதினொரு மணிக்கு டாக்டரம்மாவின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். படிவம் மேஜை மேல் இருந்தது.

"குடல் சுவர் முழுக்க நரம்பு நுனிங்க இருக்கு" என்று ஆரம்பித்தார். "ஒவ்வொரு நுனியிலயும் ரிசப்டர்னு காவல்காரங்க. ஒருத்தன் குடல் விரிஞ்சா சொல்லுவான். ஒருத்தன் சூடோ காரமோ பட்டா சொல்லுவான். இன்னொருத்தன், குடலே சுரக்கிற ரசாயனம் வந்து ஒட்டினா சொல்லுவான். அவங்க சொன்னதும் ரெண்டு காரியம் நடக்கும். அங்கேயே, மூளையைக் கேக்காமலே குடல் சுருங்கித் தள்ளும். சேதியும் மேலே போகும், அதுதான் வலி. அந்தத் தண்ணி விவகாரத்துல குடல் புண்ணாச்சு. புண்ணு ஆறிடுச்சு, அதனாலதான் கேமராவுல ஒண்ணும் தெரியல. ஆனா காவல்காரங்க இன்னும் பயம் தெளியாம நிக்கறாங்க. சுட்டுக்கிட்ட நாக்குல வெறும் வெதுவெதுப்பான தண்ணி பட்டாலும் எரியும்ல, அந்த மாதிரி."

சேஃப்டி ஆபீசர் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. காலி பலூனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்.

கீழேயிருந்து மேலே போகிற லைன் மாதிரியே மேலேயிருந்து கீழே வருகிற லைனும் உண்டு என்றார் டாக்டரம்மா. வரப்போகிறது என்று மூளைக்குத் தெரிந்தால் அது கீழே சொல்லி வைக்கும். ஏற்கெனவே விறைத்து நிற்கிற குடல் உடனே சுருங்கும். நாலைந்து தடவை சொல்லிச் சொல்லிப் பலூனை ஊதினால் போதும், பிறகு பலூன் வேண்டாம், சொன்னாலே போதும்.

ஆபரேட்டர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது சேஃப்டி ஆபீசரைப் பார்த்தான்.

"சார், போன வருஷம் ஓவர்லோடு அலாரம் நம்ம கிரேன்ல ரெண்டு டன்னுக்கே கத்திச்சே, ஞாபகம் இருக்கா? அஞ்சு டன்னுக்குக் கத்த வேண்டியது."

"இருக்கு."

"அப்போ என்ன பண்ணீங்க?"

"சென்சார் செட்டிங் தப்பா இருந்துச்சு. ஆள் வச்சுச் சரி பண்ணினோம்."

"கிரேன் பொய் சொல்லுதுன்னு சொல்லலையே சார். ஸ்கிராப்புக்கும் அனுப்பல."

சேஃப்டி ஆபீசர் படிவத்தை எடுத்து, டாக்டரம்மா பக்கம் தள்ளினார். உடல் காரணம் உண்டு என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. ஆனால் சேஃப்டி ஆபீசர் தானாகவே கீழே ஒரு வரி சேர்த்தார்: ஆறு வாரம் கழித்துக் கேபினில் நாலு மணி நேரச் சோதனை, இடையில் இறங்கக் கூடாது. இறங்கினால் இந்த டிக் செல்லாது. ஆபரேட்டர் அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டான்.

மாத்திரை எழுதும்போது டாக்டரம்மா அந்த மூன்றாவது காவல்காரனைப் பற்றிச் சொன்னார். மாத்திரை போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ரசாயனம் வந்து ஒட்ட இடம் இருக்காது. வலியும் குறையும், ஓடுகிற அவசரமும் குறையும். மலச்சிக்கல் வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே வர வேண்டும். சாப்பிட்டதும் குடல் ஒருமுறை சுருங்குவது எல்லோருக்கும் உள்ள வழக்கம், அதனால் காலைச் சாப்பாட்டை ஏணி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும்.

அவன் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"டாக்டர், எனக்கு ஒண்ணு புரியல. சும்மா கேபின்ல உட்கார்ந்திருந்தா வர்றதில்ல. கொக்கியில லோடு மாட்டறப்போதான் வருது. அது எப்படி என் வயித்துக்குத் தெரியுது?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் மூலையில் நின்றிருந்த அக்கா கேட்டாள்: "லோடு ஏத்தறதுக்கு முன்னாடி உங்ககிட்ட யாராவது ஏதாவது சொல்வாங்களா?"

ஆபரேட்டர் மெதுவாகத் திரும்பி மச்சானைப் பார்த்தான். அக்காவும் பார்த்தாள். சேஃப்டி ஆபீசரும் பார்த்தார்.

மச்சான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். எட்டு மாதமாக, ஒவ்வொரு லோடுக்கும் முன்னால், வாக்கி-டாக்கியில் அவன் கேட்காத நாள் இல்லை. மாப்ள, வயிறு எப்படி இருக்கு? தாங்குமா? தூக்கலாமா?

"நான் நல்லதுக்குத்தானே கேட்டேன்" என்றான்.

"நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றாள் அக்கா.

ஆறு வாரம். அக்கா முப்பத்தொரு பேரையும் தேடிப் பிடித்தாள். நாலு பேரின் எண் மாறியிருந்தது, அவர்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டாள். இருவர் போனிலேயே திட்டினார்கள். ஒருவர் மூன்று வருடம் வீட்டில் தன்னை நாடகக்காரி என்றே கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, எந்தத் தேதியில் வரட்டும் என்று கேட்டார். ஆய்வுக்கு வந்தவர்கள் அக்காவைப் பயிற்சி கொடுப்பதிலிருந்து ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். கையேட்டில் ஒன்பதாம் விதி முதல் விதி ஆனது. புது நோயாளிகள் இப்போது வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள்: அந்த லேப்ல ஒரு அம்மா இருக்கு, உம்முன்னு இருக்கும், ஒரு வார்த்தை பேசாது.

சோதனை நாளன்று ஆபரேட்டர் ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்தான். ஏழு ஐந்துக்கு ஏணியில் கால் வைத்தான். ஏழு இருபதுக்குக் கேபின் கதவு மூடியது. சேஃப்டி ஆபீசர் நிழலில் ஒரு நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மச்சானுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது. கையில் வாக்கி-டாக்கி. முதல் லோடு, ஒரு கட்டுக் கம்பி. கொக்கி மாட்டியாகிவிட்டது. பொத்தானை அழுத்தினான். வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரை வந்து நின்றது. பொத்தானை விட்டுவிட்டான். மறுபடி அழுத்தினான்.

"தூக்கு."

கம்பிக் கட்டு தரையை விட்டு எழுந்தது. ஒரு முறை லேசாக ஆடி, நிலைத்து, மேலே போனது.

முதல் மணி நேரத்தில் பதினொரு லோடு. ஒன்பது மணிக்கு ஒரே ஒரு முறை கிரேன் நடுவில் நின்றது. கொக்கியில் லோடு இல்லை, கிரேனின் நீண்ட கை வெறுமனே காற்றில் நீட்டிக்கொண்டு நின்றது. சேஃப்டி ஆபீசர் எழுந்து நின்றார். மச்சான் வாக்கி-டாக்கியை வாய்க்குக் கொண்டுபோய், பல்லால் கடித்துக்கொண்டான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கேபின் கதவு திறக்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் கை மறுபடி சுற்றத் தொடங்கியது. சேஃப்டி ஆபீசர் உட்கார்ந்தார். காகிதத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு, அதற்கு எதிரே எதுவும் எழுதாமல் விட்டார்.

பதினொன்று இருபதுக்கு நாலு மணி நேரம் முடிந்தது. அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, நாற்காலியை மடக்கி, மச்சானிடம் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு நடந்தார். ஸ்டோருக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மச்சான் கையில் வாக்கி-டாக்கி கரகரத்தது. மேலேயிருந்து.

"என்ன மச்சான், காலையிலேருந்து என் வயித்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல?"

மச்சான் கழுத்தை மடக்கி மேலே பார்த்தான். எழுபது மீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல், அதற்குள் ஒரு தலை.

"வயிறு உன்னோடது, லோடு என்னோடது" என்றான். "மேற்குப் பக்கம் ரெண்டு பேலட் செங்கல் நிக்குது. வா."